இழுவைச் சோதனையில் தேறிய விசிறி இறகு அடியில் ஏன் பிளந்தது?

கோவையில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. நூற்பாலைகளின் ஈரப்பதமூட்டும் அறைகளுக்குப் பெரிய விசிறி இறகுகளைக் கண்ணாடி இழைத் துணியும் பாலியெஸ்டர் ரெசினும் (திரவமாக ஊற்றினால் இறுகிவிடும் பிளாஸ்டிக்) கொண்டு கையால் அடுக்கிச் செய்கிறார். மைய வட்டில் போல்ட் போட்டுப் பூட்டும் அடிப்பகுதி 12 மி.மீ. தடிமன். எட்டு மாதம் ஓடிய ஓர் இறகு அந்த அடியில் ஏடு ஏடாகப் பிளந்துவிட்டது. வெட்டிப் பார்த்தால் உள்ளே குமிழிகள். ஆனால் அதே துணியிலும் ரெசினிலும் தனியாக வார்த்த 3 மி.மீ. பட்டையை இழுவைச் சோதனைக்கு அனுப்பினால் நன்றாகவே தேறுகிறது. "குமிழி இருந்தும் வலிமை குறையவில்லை என்றுதான் அறிக்கை சொல்கிறது. பிறகு ஏன் பிளந்தது? எத்தனை சதவீதம் வரை குமிழி இருக்கலாம்?" என்று கேட்கிறார். அவருக்கு என் பதில் இது.

அறிக்கை சரியாகத்தான் இருக்கும். பட்டையை நீளவாக்கில் இழுக்கும்போது சுமையை ஏந்துவது கண்ணாடி. ஒரு பிடியிலிருந்து மறு பிடி வரை பாவு இழைகள், அதாவது துணியின் நீளவாக்கு இழைகள், அறுபடாமல் ஓடுகின்றன. ரெசினில் இரண்டு சதவீதம் காற்று நின்றாலும் இழைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அதனால் இழுவலிமையும் விறைப்பும் பெரிதாக அசையாது. உங்கள் இறகில் இழை அறவில்லையே; அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே இருந்த ரெசின்தான் விட்டுக்கொடுத்தது. அந்த ரெசினை அந்தச் சோதனை தொடவே இல்லை. அனுப்பிய பட்டை 3 மி.மீ., உருளை போட்டு நன்றாக அழுத்தியது. பிளந்த இடமோ 12 மி.மீ. இரண்டும் ஒரே பொருள் என்று எடுத்துக்கொண்டதுதான் முதல் தவறு.

நான் சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவன். தறியிலிருந்து இறக்கிய துணியை அப்பா வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடிப்பார். பாவும் அதற்குக் குறுக்கே ஓடும் ஊடையும் சரியாகச் சேராத இடத்தில் வெயில் புள்ளியாகத் தெரியும். இழையும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருள்களைச் சோதிக்கும் வேலைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும், மேசைக்கு வரும் கண்ணாடி இழைப் பட்டையை முதலில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத்தான் பார்க்கிறேன். ரெசின் முழுக்க ஊறிய இடத்தில் கண்ணாடி இழை ஏறக்குறையக் கண்ணுக்கு மறைந்துவிடும். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் அவ்வளவு நெருக்கம். காற்று நின்ற இடம் மட்டும் பால் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை இழைக்கற்றையின் நீளத்தோடு முடி போலக் கோடாக ஓடினால் காற்று கற்றைக்குள் இருக்கிறது. பாவும் ஊடையும் குறுக்கிடும் மூலையில் உருண்டைப் புள்ளியாக நின்றால், கற்றைகளுக்கு வெளியே ரெசின் தேங்கும் குழியில் இருக்கிறது. இந்த இரண்டும் வேறு வேறு காரணத்தால் வருகின்றன, வேறு வேறு விதமாகக் கெடுக்கின்றன. மொத்தச் சதவீதம் ஒன்றை மட்டும் கேட்டால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

நீங்கள் பயன்படுத்துவது 600 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 600 கிராம்) ரோவிங் துணியாக, அதாவது தடித்த இழைக்கற்றைகளை நெய்த துணியாக, இருக்க வேண்டும். இந்த வேலைக்கு வழக்கம் அதுதான். அதில் சென்டிமீட்டருக்கு இரண்டு மூன்று கற்றைகள்தான் ஓடும். ஒரு கற்றை 1200 டெக்ஸ் (கிலோமீட்டருக்கு 1200 கிராம்) என்றால், 17 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிழைகள் அதற்குள் ஏறத்தாழ 2000 இருக்கும். மெல்லிழைகளுக்கு நடுவே உள்ள சந்து சில மைக்ரான்தான். கற்றைக்கும் கற்றைக்கும் நடுவே உள்ள சந்து அதைப்போலப் பல மடங்கு. ஆக ரெசினுக்கு இரண்டு பாதைகள்: ஒன்று வாய்க்கால், மற்றது மண். வாய்க்காலில் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டால் அது பாத்தியைச் சுற்றி ஓடிவிடும், நடுவில் காய்ந்த திட்டு நிற்கும். அதுபோல ரெசின் அகலச் சந்துகளில் முந்தி ஓடிக் கற்றையைச் சுற்றி வளைத்துக்கொண்டால், கற்றைக்குள் இருந்த காற்று வெளியேற வழியின்றி இழைகளோடு ஒட்டி நீளமாக அடைபடுகிறது. மிக மெதுவாக விட்டால் எதிர்மாறாக நடக்கும். நுண்சந்துகள் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல ரெசினை உறிஞ்சிக் கற்றையின் வழியே முன்னே கொண்டுபோய்விடும். கற்றைகளுக்கு வெளியே உள்ள குழிகளில் காற்று மாட்டும். துணியை வெற்றிடப் பையால் மூடிக் காற்றை வெளியே இழுத்து, ரெசினை உள்ளே உறிஞ்சவிட்டுச் செய்பவர்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைப் பிடிப்பது இதனால்தான். உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றும் காற்றாலைகளின் நீண்ட இறகுகளும் கண்ணாடி இழைதான். அவற்றில் ரெசின் ஓட்டத்தைத் திட்டமிடுவதே தனி வேலை.

கையால் அடுக்கும்போது இந்தக் கணக்கு உருளையின் அடியில் நடக்கிறது. உலர்ந்த துணியைப் போட்டு மேலே ரெசினை ஊற்றினால் காற்று கீழே அகப்பட்டுக்கொள்ளும். முதலில் ரெசினைத் தடவி, அதன்மேல் துணியைப் படிய விட்டால் ரெசின் கீழிருந்து ஏறிவரும், காற்று மேலே போகும். துணி வெள்ளையிலிருந்து கண்ணாடிபோல மாறுவதைப் பார்த்துக்கொண்டே உருட்ட வேண்டும். 3 மி.மீ. பட்டையில் நான்கு அடுக்குதான். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். 12 மி.மீ. அடியில் பதினாறு அடுக்கு வரும். எட்டாவது அடுக்கில் என்ன நடந்தது என்று மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. போதாதற்கு, அத்தனை அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டால் ரெசின் இறுகும்போது எழும் சூடு நடுவில் தேங்கும். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அந்தச் சூட்டில் ஆவியாகித் தானே குமிழி கட்டும். நீங்கள் அனுப்பிய வெட்டுமுகப் படத்தில் குமிழிகள் நடு அடுக்குகளில் கூட்டமாக நிற்பதற்கு இந்தச் சூட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

நடு அடுக்கில் நிற்கும் குமிழியே மோசமானது. விசிறி சுற்றும்போது இறகை மையவிலக்கு விசை வெளியே இழுக்கிறது. அதை இழைகள் பார்த்துக்கொள்கின்றன. அதோடு காற்றைத் தள்ளுவதால் இறகு வளைகிறது. வளையும் பட்டையில் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கப் பார்க்கும். சீட்டுக்கட்டை வளைத்தால் ஓரம் படிக்கட்டாக விலகுகிறதே, அந்தச் சறுக்கல்தான். இந்தச் சறுக்குத் தகைவு (பரப்பின் ஓர் அலகில் விழும் விசை) மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் சுழியம். நட்ட நடுவில் உச்சம். சராசரியைப் போல ஒன்றரை மடங்கு. பிடிமானம் இருக்கும் அடியில் சுமையும் உச்சம். ஆக, எந்த இடத்தில் ரெசின் மட்டுமே தாங்க வேண்டுமோ, அந்த இடத்தில் கொண்டுபோய்க் காற்றைச் சேர்த்து வைத்திருக்கிறோம்.

எவ்வளவு குறையும்? 1978இல் ஜட், ரைட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஏறத்தாழ நான்கு சதவீதம் வரை, குமிழி ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் அடுக்கிடைச் சறுக்கு வலிமை ஏழு சதவீதம் அளவுக்குக் குறைகிறது. முதன்முதலில் இதைப் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வராது. ஒரு பங்கு காற்றுக்கு ஒரு பங்குதானே குறைய வேண்டும்?

உங்கள் அடியையே எடுத்துக் கணக்குப் போடுங்கள். பதினாறு அடுக்கு, பதினைந்து இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியிலும் ரெசின் மிகுந்த பகுதி 0.08 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1.2 மி.மீ.; தடிமனில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு சதவீதக் குமிழியும் அங்கேயே போய் உட்கார்ந்தால் அந்தப் பகுதியில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் காற்று. சறுக்கைத் தாங்க வேண்டிய தளமே சல்லடையாகிவிட்டது. அதற்கு மேல் குமிழியின் வடிவம் வேறு. உருண்டைக் குமிழியின் விளிம்பில் தகைவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. கற்றைக்குள் இழையோடு நீண்டு கிடக்கும் குமிழி ஓர் உருளைத் துளை. அதைக் குறுக்கே இழுத்தால் விளிம்பில் மூன்று மடங்கு. பக்கத்துக் குமிழி நெருங்கி நின்றால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய ரெசின் சுவர் முதலில் போகும். அதன்பின் இரண்டும் சேர்ந்து ஒரு விரிசல்.

இதில் நெசவின் பங்கு தனியாகச் சொல்லத் தக்கது. பாவு நேராக ஓடுவதில்லை. ஊடையின் மேலும் கீழும் ஏறி இறங்கி நெளிகிறது. இழுத்தால் அந்த நெளிவு நிமிரப் பார்க்கும். நிமிரும்போது குறுக்கிடும் இடத்தில் அடுக்கைத் தடிமன் வாக்கில் பிரித்துத் தள்ளும். சாதா நெசவில் ஒன்று விட்டு ஒன்று குறுக்கீடு என்பதால் நெளிவு அதிகம், மூலைக் குழியும் அதிகம். ரோவிங் துணியைத் தொட்டுப் பார்த்தால் பவானி ஜமக்காளத்தைப் போல மேடு பள்ளமாக இருக்கும். சாட்டின் நெசவில் கற்றை பல இழைகளைத் தாண்டி ஒருமுறைதான் முங்கும். துணி பட்டுபோலப் படியும், குழி குறைவு. ட்வில் நெசவு இந்த இரண்டுக்கும் நடுவில். சாதா நெசவின் மேடும் அடுத்த அடுக்கின் மேடும் நேருக்கு நேர் வந்துவிட்டால் பள்ளமும் பள்ளமும் சேர்ந்து பெரிய பையாகும்; குமிழிக்கு அதைவிட வசதியான இடம் வேறு இல்லை. விரிசல் பிறக்கும் வரிசை இதுதான்: முதலில் சுமைக்குக் குறுக்கே கிடக்கும் கற்றைக்குள் நுண்விரிசல், பிறகு அது மூலைக் குழியில் உள்ள குமிழியைத் தொடுகிறது, அங்கிருந்து அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஓடுகிறது. இடையிடையே நறுக்கிழை மேட் (நறுக்கிய இழைகளைப் பரப்பிச் செய்த பாய்) வைப்பது இந்தப் பள்ளங்களை நிரப்பும். ரோவிங் துணியின்மேல் ரோவிங் துணியையே பதினாறு முறை அடுக்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அமுக்கவிசையிலும் அடி வாங்கும். நெளிந்த கற்றை அமுக்கும்போது பக்கவாட்டில் மடியப் பார்க்கும். மடியாமல் பிடித்திருப்பது சுற்றிலும் உள்ள ரெசின். அங்கே குமிழி இருந்தால் அந்தப் பக்கம் ஆதரவு இல்லை. இறகு வளைவதால் அதன் ஒரு முகத்தில் அமுக்கம் எழும் என்பதை மறந்துவிடக் கூடாது.

எட்டு மாதத்துக்கு வருவோம். நிமிடத்துக்கு 960 சுற்று, இரவு பகலாக ஓடும் ஆலை என்றால் 240 நாளில் ஏறத்தாழ 33 கோடிச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இறகு மோட்டார் தாங்கியின் குறுக்கே போகும்போது காற்று ஒரு தட்டுத் தட்டுகிறது. ஒருமுறை தாங்கும் குமிழி விளிம்பு 33 கோடி முறையும் தாங்கிவிடும் என்று சொல்ல முடியாது. வலிமைச் சோதனையில் சிறிதாகத் தெரியும் குறை, அயர்வில், அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையில், பெரிதாக வெளிப்படுவது இப்படித்தான். அதோடு உங்கள் விசிறி ஓடுவது தண்ணீர்ச் சாரல் அடிக்கும் அறையில். போல்ட் துளை போடும்போது நடு அடுக்குக் குமிழிகளை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள குமிழிகள் வழியாக ஈரம் உள்ளே ஏறுகிறது. ஈரம் ரெசினை மென்மையாக்கும், கண்ணாடிக்கும் ரெசினுக்கும் உள்ள ஒட்டுதலையும் அரிக்கும். துளையின் உட்சுவரை ரெசின் பூசி மூடினீர்களா என்று தெரிவியுங்கள். பெரும்பாலான பட்டறைகளில் மூடுவதில்லை.

இனி எப்படிச் சோதிப்பது. தனிப் பட்டையை விடுங்கள்; பிளந்த இறகின் அடியிலிருந்தே, விரிசல் எட்டாத பக்கத்தில் துண்டு வெட்டுங்கள். வைர வில்லையால் தண்ணீர் விட்டு வெட்டி, 240ஆம் எண்ணில் தொடங்கி 1200ஆம் எண் வரை ஈர உப்புத்தாளில் தேயுங்கள். முகம் பளபளத்ததும் கறுப்பு மார்க்கர் மையைத் தேய்த்து உடனே துடைத்துவிடுங்கள். குமிழிக்குள் மை நின்றுவிடும். சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியிலேயே தெரியும். எந்த அடுக்கில், கற்றைக்கு உள்ளேயா வெளியேயா, தனித்தனியாகவா கோத்துக்கொண்டா என்று ஒரு தாளில் வரையுங்கள். கோத்துக்கொண்டு வரிசையாக நிற்பது, சதவீதம் குறைவாக இருந்தாலும், நிராகரிக்க வேண்டிய இறகு.

சதவீதம் வேண்டுமென்றால் அடர்த்தியும் எரிப்புச் சோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும். துண்டைக் காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்து அடர்த்தி கண்டு, பிறகு உலையில் 565 டிகிரி செல்சியஸில் ரெசினை எரித்து எஞ்சும் கண்ணாடியை நிறுக்கிறார்கள். ரெசினில் சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தால் அதுவும் கண்ணாடியோடு எஞ்சும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே ஓர் இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். எடையில் பாதி கண்ணாடி, பாதி ரெசின். கண்ணாடி அடர்த்தி 2.55, இறுகிய ரெசின் 1.20 என்றால் குமிழியே இல்லாத பட்டையின் அடர்த்தி 1.632 வர வேண்டும். நிறுத்தது 1.583 என்றால் குமிழி 3.0 சதவீதம். ரெசின் அடர்த்தியை 1.18 என்று போட்டால் அதே துண்டுக்கு 1.9 சதவீதம்தான் வரும். ரெசின் டப்பாவோடு வரும் தாளில் உள்ள திரவ அடர்த்தியான 1.10ஐப் போட்டால் கணக்கு மைனஸில் போகும். ரெசின் இறுகும்போது சுருங்கி அடர்த்தி கூடுகிறது என்பதை மறந்த பலன் அது. இரண்டாவது தசமத்தில் ஒரு சிறு பிழை, ஓர் இறகைத் தேறவும் வைக்கும், தோற்கவும் வைக்கும். நீங்கள் பயன்படுத்தும் ரெசினைத் துணியில்லாமல் தனியாக வார்த்து, குமிழியில்லாத துண்டில் அடர்த்தியை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பயனுள்ளது குறும்பட்டைச் சோதனை. ஏஎஸ்டிஎம் டி 2344 என்று அந்தச் சோதனைமுறையின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் சோதனைக்கூடத்தில் தெரியும். தாங்கிகளின் இடைவெளி தடிமனைப் போல நான்கு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, நீளம் ஆறு மடங்கு. உங்கள் 12 மி.மீ. அடிக்கு 48, 24, 72 மி.மீ. இவ்வளவு குறுகிய பட்டையை நடுவில் அழுத்தினால் இழை அறுவதற்கு முன் நடு அடுக்கு சறுக்கிப் பிரியும். முறிந்த சுமையின் முக்கால் பங்கை அகலத்தாலும் தடிமனாலும் வகுத்தால் வலிமை. நல்ல இறகின் அடியிலிருந்து ஐந்து துண்டு, குமிழியுள்ளதிலிருந்து ஐந்து துண்டு. வேறுபாடு உங்கள் கண்முன்னே வரும்.

எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு: விமானத்தின் முக்கியப் பாகங்களுக்கு ஒரு சதவீதத்துக்குள் என்பது வழக்கம். சாதாரணப் பாகங்களில் ஐந்து சதவீதம் வரைகூட விடுகிறார்கள். விசிறி இறகின் விரிந்த பகுதியில் மூன்று சதவீதம் பரவலாக நின்றால் நான் தூங்குவேன். அடியில் இரண்டுக்கு மேல் ஒப்ப மாட்டேன். அதுவும் நடு மூன்றில் ஒரு பங்குத் தடிமனில் கோத்த குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

செய்முறையில் மாற்ற வேண்டியவை சில. அடியை ஒரே மூச்சில் போடாமல் ஒரு தடவைக்கு மூன்று நான்கு அடுக்கு மட்டும் போட்டு, ரெசின் உறைந்து சூடு தணிந்த பிறகு, முழுதாக இறுகிவிடும் முன்பே அடுத்ததைத் தொடருங்கள். வினையூக்கியைக் கலக்கும்போது துளைப்பானில் மாட்டிய கலக்கியை அடித்துச் சுழற்றாதீர்கள். காற்றை நீங்களே கலக்குகிறீர்கள். ஐப்பசி மழையில் துணிச்சுருளைத் தரையில் நிறுத்தி வைக்காதீர்கள். மெல்லிய கண்ணாடித் துணி வாங்கினால், நெசவுக்குப் போட்ட கஞ்சி சுட்டு நீக்கப்பட்டு சிலேன் (கண்ணாடியில் ரெசின் ஒட்ட உதவும் பூச்சு) பூசியதா என்று கேளுங்கள். நம் ஊர்ப் பாவுக்குக் கஞ்சி போடுவதுபோலத்தான் அதற்கும் மாவும் எண்ணெயும் போட்டு நெய்கிறார்கள். அதை நீக்காத துணியில் ரெசின் ஊறாது.

வெற்றிடப் பைக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாறலாம், குமிழி கணிசமாகக் குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர் உயரம் என்பதால் நம் காற்றழுத்தமே 965 மில்லிபார் அளவுதான். அளவி 760 மி.மீ. பாதரச அளவு காட்டவில்லை என்று பம்பைக் குறை சொல்ல வேண்டாம், 724 தான் உச்சம். அதே சமயம் 30 டிகிரியில் தண்ணீர் ஏறத்தாழ 42 மில்லிபாரிலேயே கொதிக்கும். துணி ஈரமாக இருந்தால் நீங்கள் இழுக்கும் நல்ல வெற்றிடமே அதைக் குமிழியாக்கிவிடும். ரெசின் ஊறி முடித்த பிறகு வெற்றிடத்தைச் சற்றுத் தளர்த்தி வைப்பது ஸ்டைரீனுக்கும் நல்லது.

இன்னும் ஒன்று, இதுதான் அவசரம். பிளந்த இறகோடு அதே வாரத்தில் வார்த்த மற்ற இறகுகள் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆலையிடம் சொல்லி விசிறியை நிறுத்தி, ஒவ்வோர் அடியையும் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். கெட்டியான இடம் கணீரென்னும். பிரிந்த இடம் மொத்தென்னும். மொத்தென்றதைக் கழற்றிவிடுங்கள். ஊசியால் ரெசின் ஏற்றி மறுபடியும் பூட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேலே திறந்த வாயை மட்டும்தான் அது அடைக்கும், எட்டாவது அடுக்குக்குப் போகாது. கணீரென்றவற்றையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. தட்டல் பிரிந்ததைக் காட்டும், இன்னும் பிரியாத குமிழியைக் காட்டாது. அவற்றில் ஒன்றைக் கழற்றி அறுத்து, மை தேய்த்துப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள். அதுவரை அந்த விசிறியை ஓட்ட வேண்டாம்.